பென்சிலில் எழுதிய பெயர்

லண்டன் விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் லேகியப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என்ன தோன்றியதோ, மறுபடியும் முகர்ந்தாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? "புள்ள பெத்தவளுக்கும்மா" என்று வயிற்றைத் தடவிக் காட்டி, கையில் குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டினேன். உடனே புரிந்துகொண்டாள். கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் பின்னால் சொருகியிருந்த தன் பிள்ளைகள் படத்தை எடுத்துக் காட்டிவிட்டு, புட்டியை மூடி என் கையிலேயே கொடுத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. சீமையில் இறங்கிய முதல் பேச்சிலேயே ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்தேன்.

நான் போனது லேகியம் கொடுக்க மட்டும் இல்லை. என் மகன் செல்வத்துக்கும் அவன் கட்டிக்கொண்ட ஹெலனுக்கும் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. எங்கள் பக்கம் தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர்தான் வைப்போம். என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. என் பெண்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டுப் பெயர் போய்விட்டது. செல்வம் ஒரே பையன். அவர் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் இந்த ஒரு பிள்ளைதான். போனில் கேட்டபோதெல்லாம், "பேரப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்மா" என்று நழுவினான். நழுவுகிறவனை நேரில்தான் பிடிக்க முடியும்.

அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இதை எழுதும்போதும் கை வரவில்லை. முருகன் மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போய் நின்ற மலையையும், அவன் கையில் இருக்கிற ஆயுதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் அவர் பெயர்.

ஹெலனுக்குத் தாய் இல்லை. ஆனாலும் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குத்தான் போயிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே முறையாக நடந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவள் அப்பா வில்லியம் விவசாயி. வாசல் கேட்டைத் திறந்துவிட்டு நின்றார். பனைமர உயரம், கையெல்லாம் காய்ப்பு. "சம்பாந்தி!" என்று கூப்பிட்டுத் தலைகுனிந்து கும்பிட்டார். மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஊரைப் பார்த்ததும் எனக்கு வேற்று நாட்டுக்கு வந்ததாகவே தோன்றவில்லை. எங்கள் நெடுங்காடு போலவே கண்ணுக்கெட்டிய வரை ஒரே மட்டம். மேடு கிடையாது, மலை கிடையாது. கோடு போட்டதுபோல் வாய்க்கால்கள். மண் மட்டும் கரிச்சட்டி நிறம்.

"இதெல்லாம் முன்னாடி வெறும் சேறும் தண்ணியுமா கிடந்த இடம்மா. தண்ணிய இறைச்சி வெளியேத்தித்தான் பயிர் வைக்கிறாங்க" என்றான் செல்வம்.

"தண்ணிய வெளியேத்துறாங்களா? அப்படியே ரெண்டு மாசம் நம்ம வாய்க்காலுக்குத் திருப்பிவிடச் சொல்லு."

செல்வம் அதைச் சொன்னதும் சம்பந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைமடைக்காரியின் வயிற்றெரிச்சல் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? நாங்கள் மேட்டூர் திறந்தாச்சா என்று ரேடியோ கேட்கிறோம். அவர் பம்பு ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுக்கிறார். பயிர்க்காரனுக்குத் தூக்கம் கெடுவதற்கு எந்த ஊரிலும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் ஊரில் இங்கிலீஷ்காரர்கள் எழுதிவைத்த பழைய பதிவுகள் இருக்குமா என்று கேட்டார்.

"எங்க காரைக்கால உங்க ராஜா ஆண்டதில்லன்னு சொல்லுடா. நாங்க பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்தவங்க."

சம்பந்தி அடிபட்டவர்போல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பிரெஞ்சுக்காரன்கிட்டயா? பொண்ணு கேக்க வந்தப்பவே இதச் சொல்லியிருக்க வேணாமாங்கிறாரும்மா" என்றான் செல்வம்.

அன்று சாப்பாட்டுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த கோசு, வேகவைத்த பட்டாணி. எல்லாம் அவர் வயலில் விளைந்தது. ருசி இருந்தது, உப்பும் காரமும்தான் இல்லை. நான் கொண்டுபோன பருப்புப்பொடியைக் கிழங்கின்மேல் தூவிக்கொண்டேன். சம்பந்தியும் தட்டை நீட்டினார். ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.

சாப்பிடும் அறையின் சுவரில் நீளமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கோடும் கட்டமுமாக அவர் பரம்பரை முழுவதும் அதில் இருக்கிறதாம். மனைவி போன பிறகு அதுதான் அவருக்குத் துணை.

"யோமன்னு ஒரு வார்த்தைம்மா. ஜமீன்தாரும் இல்ல, கூலிக்குப் போறவனும் இல்ல. சொந்த நிலத்தத் தானே உழுத குடியானவன். இவுங்க பரம்பரை அந்த யோமன் பரம்பரைன்னு கோயில் பதிவு, உயிலுன்னு தேடிக்கிட்டிருக்காரு" என்றான் செல்வம்.

"நம்ம வீட்ல மட்டும் என்னவாம்? நாலு தலைமுறையா நெடுங்காட்டுல சொந்தக் காணியில இறங்கி உழுதவங்கதானே. நாங்களும் யோமன்தான்னு சொல்லு."

சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்து வந்து எனக்குக் கைகொடுத்தார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அந்தக் கர்வத்தோடுதான் காகிதத்தின் அருகே போய் நின்றேன். எழுத்து தெரியாவிட்டாலும் கோலம் தெரியும் அல்லவா? ஒரே உருவம் ஒரு வரி விட்டு ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில், ஹெலனுக்கும் செல்வத்துக்கும் கீழே, அதே உருவம் பென்சிலில் எழுதியிருந்தது.

"டேய், ஒண்ணுவிட்டு ஒண்ணு வருதே, என்னது இது?"

"அது... தாமஸ்மா. தாமஸ், வில்லியம், தாமஸ், வில்லியம்னு மாறி மாறி வரும்."

"கீழ பென்சில்ல இருக்கிறது?"

செல்வம் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போகப் பார்த்தான். கையைப் பிடித்தேன்.

"அதுவும் அதாம்மா. வில்லியமுக்கு அடுத்து தாமஸ் வரணும்னு அவருக்கு ஒரு ஆசை. வெள்ளிக்கிழமைதான் ஆபீஸ்ல போயி எழுதணும். பாத்துக்கலாம்."

சம்பந்தி ஏதோ நீளமாகக் கேட்டார். "என்ன சொல்றாரு?" என்றேன்.

"உருளைக்கிழங்கு வெந்திருந்திச்சாங்கிறாரு."

"இவ்வளவு நீட்டமாவா உருளைக்கிழங்கப் பத்திக் கேட்டாரு?"

மறுநாள் சம்பந்தி ஜில்லாத் தலைநகரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார் என்றார்கள். நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். எதிராளி எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? செல்வமும் வந்தான். ஜீப்பு செல்வம் பிறப்பதற்கு முன்னால் வாங்கியதாக இருக்கும். வழியெல்லாம் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள். பார்க்க முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் பிறந்தது மாதிரி இருந்தது. அதிலிருந்துதான் சர்க்கரை எடுக்கிறார்களாம். கரும்பு கடித்துப் பார்க்காத ஜனங்கள், பாவம்.

காப்பகத்தில் என் துணிப்பையை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். உள்ளே முறுக்கு இருந்தது. பேனாவும் கூடாதாம், பென்சில்தான். நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். குப்பம்மாள் என்று தமிழில் நிறுத்தி எழுதினேன். அங்கிருந்த மூக்குக்கண்ணாடிக்கார அம்மாள் அதை நின்று பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள். நான் கைநாட்டு இல்லை என்பதை இங்கிலாந்திலும் பதிவு பண்ணியாயிற்று.

பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு தலையணைமேல் வைத்தாள். ஆட்டுத்தோல் ஏடு. எங்கள் ஊரிலும் மேரியில் இப்படி உண்டு என்று சொல்லச் சொன்னேன். நகராட்சி ஆபீசைப் பெரியவர்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்கிறோம். என் வீட்டுக்காரர் பிறந்ததை அங்கே பிரெஞ்சில் எழுதி, அவர் அப்பா பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

சம்பந்தியின் சிக்கல் இதுதான். அவர் கண்டுபிடித்த பழைய வில்லியம் ஒருவருக்கு தாமஸ் என்று பிள்ளை பிறந்தது. சில மாதத்திலேயே அதைப் புதைத்ததாகவும் எழுதியிருந்தது. பிறகு பிறந்த பிள்ளைக்கும் தாமஸ் என்றே பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செத்த புள்ள பேரையா அடுத்ததுக்கு வப்பாங்க?"

எங்கள் ஊரில் செய்யவே மாட்டார்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த என்னைக் குப்பையில் போட்டு எடுத்து, மூக்கைக் குத்தி, குப்பம்மாள் என்று பெயர் வைத்தாள் என் அம்மா. நல்ல பெயர் வைத்தால் எமன் எட்டிப்பார்ப்பான் என்று பயம். இதோ இன்னும் இருக்கிறேன்.

அந்த இரண்டாவது தாமஸ் பிழைத்தானா, அவன்தான் தன் பாட்டனா என்பதுதான் சம்பந்திக்குத் தெரிய வேண்டும். கண்ணாடிக்கார அம்மாள் ஒரு உயிலைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. விரலை மேலே வைக்காமல் காற்றிலேயே ஓட்டிப் படித்தாள். வில்லியம் மகன் தாமஸ், யோமன். கிழவனாகிக் கட்டிலில் கிடந்து எழுதிய உயில். நிலம் மகன் வில்லியமுக்கு. தன் பெயரைத் தாங்கிய தலைப்பேரன் தாமசுக்கு ஒரு சிவப்புப் பசு.

சம்பந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்லணையைத் தாண்டித் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் எட்டிப்பார்க்கும் அன்று எங்கள் ஆட்கள் முகம் அப்படித்தான் இருக்கும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் காது வேறொரு இடத்தில் நின்றுவிட்டது. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர். அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர்.

திரும்பும்போது, அந்த தாமஸைப் புதைத்த சர்ச்சுக் கோயிலைக் காட்டுகிறேன் என்று சம்பந்தி வண்டியைச் சின்னப் பாதையில் திருப்பினார். டிராக்டர்கள் கொட்டிவிட்டுப் போன சேறு. ஜீப்பு ஒரு பக்கமாக வழுக்கி, வாய்க்கால் சரிவில் சக்கரம் புதைந்து நின்றது. ஆற்று மணலில் மாட்டிய வண்டி மாதிரி உறுமியதே தவிர நகரவில்லை. சம்பந்தி பக்கத்துப் பண்ணைக்குப் போன் பண்ணினார். டிராக்டர் வருமாம், காத்திருக்க வேண்டும். முறுக்கை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சம்பந்தி கடிக்கிற சத்தம் ஜீப்பு முழுக்கக் கேட்டது. இதைவிட நல்ல நேரம் வராது.

"செல்வம், நான் சொல்றத அப்படியே சொல்லு. முழுங்காத."

"இப்ப வேணாம்மா."

"சொல்லுடா. அவுங்க உயில்லயே இருக்கு. தலைப்பேரனுக்கு அப்பனப் பெத்தவரு பேரு. என் பேரனுக்கு அப்பன் நீ. உன்னப் பெத்தவரு யாரு?"

செல்வம் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சம்பந்தி முறுக்கை மெல்வதை நிறுத்தினார். ஏதோ கேட்டார்.

"அப்பா பேரு என்னங்கிறாரு. நீயே சொல்லேன்" என்றான் செல்வம். குறும்பு.

"ஒரு மலை இருக்கு, ஒரு ஆயுதம் இருக்குன்னு சொல்லு."

செல்வம் தலையில் அடித்துக்கொண்டு பெயரை அவனே சொன்னான். சம்பந்தி இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு இறங்கி, பக்கத்தில் தெரிந்த கோயிலை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பழைய தாமஸின் கல் சாய்ந்து பாசி பிடித்துக் கிடந்தது. அங்கே அவர் நிற்கவில்லை. வேலி ஓரமாக முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். அதன்மேல் இருந்த எழுத்தை எனக்கு யாரும் படித்துச் சொல்லத் தேவையில்லை. சுவரில் பென்சிலில் பார்த்த அதே உருவம்.

அவர் மெதுவாகப் பேசினார். செல்வம் இந்தத் தடவை எதையும் முழுங்கவில்லை. "ஹெலனுக்கு முன்னாடி பொறந்த அண்ணனாம். தவழுறதுக்குள்ள போயிட்டானாம். எனக்கே இப்பத்தாம்மா தெரியும்."

இந்தப் பெயரையா என் பேரனுக்கு வைக்கப் பார்த்தார்? ஆனால் அந்த ஆறடி மனிதர் குனிந்து, கல்லைச் சுற்றியிருந்த புல்லை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்ததைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"நீ சொல்றது சரிதானாம். அவுங்க வீட்டு வழக்கமும் அதானாம். இது வில்லியமோட பேரன்தான், ஆனா மக வயித்துப் பேரன். அப்பாவோட அப்பா பேருதான் வைக்கணும்கிறாரு" என்றான் செல்வம். பிறகு அவனாகவே அவரிடம் ஏதோ சொன்னான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "ரெண்டு பேரையும் சேத்து வச்சிடலாமேன்னேன். அவுங்க வரிசையில யாருக்கும் ரெட்டப் பேரு கிடையாதாம். வழக்கம்னா வழக்கந்தானாம்."

என்னைப்போலவே பிடிவாதக்காரர். மரியாதையாக இருந்தது.

டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தது ஒரு பொம்பளைப் பிள்ளை. சங்கிலியை மாட்டி ஒரே இழுப்பில் ஜீப்பை வெளியே போட்டுவிட்டு, நான் கொடுத்த முறுக்கை வாயில் கவ்விக்கொண்டே போய்விட்டாள்.

வியாழக்கிழமை முழுக்க நான் ஹெலனுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து ஊற்றினேன். சம்பந்தி கதவோரம் நின்று, பிள்ளை நழுவிவிடுமோ என்று பதைத்துப் பார்த்தார். நான் மூன்று பிள்ளைகளை ஊற்றி எடுத்த கால் இது. சாயங்காலம் அவர் ரப்பரை எடுத்துக்கொண்டு அந்தக் காகிதத்தின் முன் நின்றார். பென்சில் எழுத்தை அழித்தார். செல்வத்திடம் கேட்டுக் கேட்டு, பேனாவில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நீளமான பெயர்; கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஆபீசில் எழுதினார்கள். அங்கிருந்தவர் சரிபார்க்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் காட்டினார். காரைக்கால் மேரியில் பிரெஞ்சில் எழுதிய பெயர் இப்போது இங்கிலீஷ்காரன் புத்தகத்திலும் ஏறிவிட்டது. எனக்கு அந்த நாற்காலி போதவில்லை.

திரும்பும்போது கடைத்தெருவில் மாவில் முக்கிப் பொரித்த மீன் வாங்கினார்கள். நம் ஊர் வஞ்சிர வறுவலுக்குப் பக்கத்தில் நிற்காது. இருந்தாலும் சூடாக இருந்தது. வீட்டில் தேநீரோடு தின்றோம். பிள்ளை என் மடியில். ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சம்பந்தி வண்டியில் வரும்போதே சொல்லிப் பழகியிருந்தார். மலை அவர் நாக்கில் வழுக்கி வழுக்கி விழுந்தது. வேல் மட்டும் சுத்தமாக வந்தது.

"அத்த, நீங்க கூப்புடுங்க" என்றாள் ஹெலன். அவளுக்கு அந்த அளவு தமிழ் வரும்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் அதே அகலக் காது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். செல்வம் சிரித்துக்கொண்டே அவர்களுக்கு விளக்கினான். புருஷன் பெயரை அம்மா சொல்ல மாட்டாள், பிள்ளைக்கு வைத்தாலும் அது அதே பெயர்தான் என்று.

சம்பந்தி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கூப்புடவே முடியாத பேருக்காகவா கடல் தாண்டி வந்து எங்கிட்ட மல்லுக்கட்டினாங்கன்னு கேக்குறாரு" என்றான் செல்வம்.

"கூப்புடத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே. எனக்குக் காதுல விழுந்தா போதும்னு சொல்லுடா."

"அப்ப நீ என்னன்னு கூப்புடுவேங்கிறாரு."

எங்கள் ஊரில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பேரனை ஐயா என்பார்கள், பெரியவரே என்பார்கள். நானும் அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். நிமிர்ந்தபோது எதிரே சுவரில் அந்தக் காகிதம். பேனா எழுத்துக்கு அடியில் ரப்பர் தேய்த்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. என் அம்மா இருந்தால் ஓடிவந்து என் வாயைப் பொத்தியிருப்பாள். ஆனால் நான் என் கண்ணால் அந்த உயிலைப் பார்த்தேனே. இரண்டாவதாக அந்தப் பெயரை வாங்கிக்கொண்ட பிள்ளை கிழவனாகும் வரைக்கும் இருந்து, உழுது, பேரனுக்குப் பசு கொடுத்துவிட்டுத்தானே போனான்.

பிள்ளையின் காதருகே குனிந்தேன்.

"தாமசு."

சம்பந்தி எழுந்து ஜன்னலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மழை வருதான்னு பாக்குறாரு" என்றான் செல்வம். வெளியே மழை இல்லை.

நான் ஊருக்கு வந்து நாளாகிவிட்டது. சம்பா கதிர் தள்ளிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். சம்பந்தி பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது மலையும் வழுக்காமல் நிற்கிறது. அவர் போதும் என்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு நான், "தாமசு" என்பேன்.

பிள்ளை என் பக்கம்தான் திரும்புகிறான்.